எதிரே வரும்போது

"மோட்டாரே இல்லையா? எனக்கு இது சரிப்படாதுங்க" என்று மனைவி பின்வாங்கினாள்.

"சரிவுல ஏறி வர்ற காத்தே தூக்கிக்கும். ஒரு தடவை ஓட்டிப் பாரு, பிடிச்சா வாங்கலாம்" என்று கணவன் ரிமோட்டை அவள் கையில் திணித்தான்.

கிளைடர் எனும் அந்தக் குட்டி விமானத்தைத் தன் கையாலேயே செய்து விற்பவர், மலை விளிம்பில் நின்று அதை வீசினார். போகும்போது அது சமர்த்தாகத்தான் போனது. திரும்பி அவர்களை நோக்கி வந்தபோது, அவள் இடப்பக்கம் திருப்ப நினைத்தாள்; அது வலப்பக்கம் பாய்ந்து புதருக்குள் விழுந்தது.

"எதிர்ல வரும்போது இடம் வலம் மாறிடும்மா" என்றபடி அவர் போய் எடுத்து வந்தார். நல்லவேளை, கீறல்கூட இல்லை. "விமானமே பழக்கமில்லாதவங்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான். விட்டுடுங்க."

"விடுறதா? பேக் பண்ணுங்க!" என்றாள் அவள்.

கணவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"சிரிப்பு என்ன வேண்டிக்கிடக்கு? நாளைக்குக் காலையில நூத்தம்பது பேர் என்னை நம்பி ஏறப்போறாங்க, வெளியில மூச்சு விடாதீங்க! தினமும் உள்ளே உக்காந்து விமானம் ஓட்டுறவளுக்கு, எதிர்ல நின்னு ஓட்டத் தெரியுமா?"