ஆறு அம்பு ஸ்டிக்கர்

“என் வெப்சைட்டுல டேமேஜ் ஸ்டிக்கர் ஒட்டினது யாரு?”

வேலம்பாளையம் பனியன் கம்பெனியில், முதலாளி அறையே அதிரக் கத்தினான் ஞானசம்பந்தம். வெப்சைட் என்ற சொல்லே திருப்பூருக்குப் புதிதாக இருந்த வருஷம் அது. அதைச் செய்து கொடுக்கக் கோயமுத்தூரிலிருந்து வந்தவனுக்குத் தலைக்கனம் கொஞ்சம் கூடுதல்தான்.

இன்னும் அரை மணியில் ஜெர்மனிக்காரர் வருகிறார். முதலாளி அங்கமுத்துவே உட்கார்ந்து வெப்சைட்டைக் காட்டி ஆர்டர் பிடிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அடுத்த மாசம் பாதி மெஷினுக்கு வேலை இல்லை.

இந்த நேரம் பார்த்து மானிட்டர் கண்ணாடியில் ஆறு சிவப்பு அம்பு ஸ்டிக்கர்! பனியனில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால் செக்கிங் பெண்கள் ஒட்டுவார்களே, அதே அம்பு. போதாததற்கு ஒன்று முதல் ஆறு வரை பேனாவால் எண் வேறு.

எண்களைக் கூட்டிப் பார்த்தான்.

“இருபத்தொரு டேமேஜா!”

“நாந்தானுங்க தம்பி ஒட்டுனேன்” என்று வந்து நின்றாள் செக்கிங் ராக்கம்மாள்.

“ஏம்மா, நீ எத்தனாவது படிச்சிருக்கே?”

“அஞ்சாப்புங்க.”

“அதுக்கு என் வேலைய செக் பண்றியா? சுத்தற உலக உருண்டை, தோகை விரிக்கிற மயிலு, அமுத்துனா பாட்டு! முதலாளியே நேத்துப் பாத்துட்டு ‘வெரிகுட், வெரிகுட்’னாரு. சின்னக் கொழந்தைகூட ஒரு தடவை பாத்தாப் புரிஞ்சுக்கும்!”

பேசிக்கொண்டே அம்புகளை உரித்துக் குப்பைக் கூடையில் போட்டான்.

“ஐயோ, உரிக்காதீங்க தம்பி!”

“முதலாளி வரட்டும், உன்னைப் பத்திச் சொல்றேன்.”

ராக்கம்மாள் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“அது டேமேஜ் இல்லீங்க தம்பி. மொதலாளியும் எங்கூட அஞ்சாப்பு வரைக்கும் படிச்சவருதானுங்க. இங்கிலீசு ஒரு எழுத்துத் தெரியாது. வெளிய சொல்லக் கூச்சம், அதான் எல்லாத்துக்கும் ‘வெரிகுட்’டு. வெளிநாட்டுக்காரரு முன்னாடி எங்க அமுத்தறதுன்னு தெரியாம முழிச்சார்னா நல்லாவா இருக்கும்? மூணு நாளா சோத்து நேரத்துல குந்தி, ஒவ்வொண்ணா அமுத்திப் பாத்து, வெலப் பட்டியலுக்குப் போற வழியக் கண்டுபுடிச்சனுங்க. மொதல்ல ஒண்ணு, அப்பறம் ரெண்டு... நம்பர் பாத்து அமுத்துனாப் போதும்.”

ஞானசம்பந்தத்துக்கு முகம் தொங்கிப்போனது. நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

வெளியே கார் ஹாரன் கேட்டது.

கூடைக்குள் கைவிட்டு அம்புகளைப் பொறுக்கினான். ஒன்றாம் எண்ணை மயிலின் மேல் ஒட்டி, அமுக்கினான். பாட்டு வந்தது. உருண்டைக்கு மாற்றி ஒட்டி, அமுக்கினான். மறுபடியும் மயில் வந்தது.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பினான்.

“அக்கா... வெலப் பட்டியலுக்கு எப்படீங்க்கா போகோணும்?”