பேசியவர்கள் பட்டியல்

"கங்காதரன். இரண்டு வருடத்தில் மூன்றே முறை. மூன்றும் தூக்கத்தில்."

வகுப்பு கைதட்டிச் சிரித்தது. கங்காதரன் எழுந்து, கொட்டாவி விட்டபடியே வணக்கம் வைத்தான்.

தேவிப்பிரியா தாளில் விரலை ஒரு வரி கீழே இறக்கினாள்.

ஃபேர்வெல் அன்று பன்னிரண்டாம் வகுப்பில் ஒவ்வொருவரைப் பற்றியும் இரண்டு வரி எழுதி வாசிப்பது அசிஸ்டெண்ட் லீடரின் வேலை. எங்கள் பள்ளியில் அது வழக்கம். போன வருடம் வரை எல்லோரும் மனதில் தோன்றியதை எழுதினார்கள். இந்த வருட அசிஸ்டெண்ட் லீடர் தேவிப்பிரியா மட்டும் என் நோட்டைக் கேட்டாள்.

நான் லீடர். டீச்சர் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்களின் பெயரை எழுதி வைக்கும் நோட்டு அது. போர்டில் எழுதினால் அழித்துவிடுகிறார்கள் என்று கிளாஸ் டீச்சர் ஹில்டா மிஸ்தான் நோட்டுக்கு மாற்றினார். வெள்ளிக்கிழமை, அந்த வாரம் அதிகம் பேசியவரின் பெயரை மட்டும் நான் சொல்வேன். மிஸ் பக்கங்களைப் பார்க்காமலே கையெழுத்துப் போடுவார். தண்டனையாக வகுப்பைப் பெருக்குவது எப்போதும் லிபின்தான். மற்ற யாருக்கும் தங்கள் கணக்கு தெரியாது.

"எல்லாரையும் கலாய்க்கணும் ரெனிதா. ஒரே ஒரு வாரம் குடு" என்றாள். கொடுத்துவிட்டேன்.

பூந்தமல்லியில் பஸ் ஏறி, பாரிவாக்கத்தில் இறங்கும்போதுதான் உறைத்தது.

அந்த நோட்டில் நிர்மலின் பெயர் இல்லை. ஒருமுறைகூட.

வகுப்பிலேயே அதிகம் பேசுகிறவன் நிர்மல். டீச்சரின் செருப்புச் சத்தம் வராண்டாவில் தேய்வதற்குள் ஆரம்பித்துவிடுவான். நானும் பேனாவைத் திறப்பேன். கதையின் முடிவைக் கேட்டுவிட்டு எழுதலாம் என்று நினைப்பேன். அவன் கதைகளுக்கு முடிவு வருவதில்லை.

லிபின் ஒருநாள் சத்தமாகவே கேட்டான். "இன்னா லீடரு, நான் இருமுனாகூட எழுதுற. நிர்மலு பேசுனா மட்டும் உன் காது அடைச்சிக்குதா?"

எல்லோரும் சிரித்தார்கள். தேவிப்பிரியா மட்டும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்தே எனக்கு அவள்மேல் ஒரு கண்.

நோட்டு அவளிடம் இருந்த வாரம் முழுக்க அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். நான் திரும்பினால் பார்வையை விலக்கிக்கொண்டாள். புதன்கிழமை, தண்ணீர்க் குழாயடியில் கேட்டாள்.

"நீ இந்த நோட்ட எப்பவாவது முழுசா திருப்பிப் பார்த்திருக்கியா?"

"இல்லையே. ஏன்?"

"சும்மாதான்."

சும்மா யாரும் அப்படிக் கேட்பதில்லை.

"ஹெலினா. நூற்று நாற்பது. அதில் பாதி, 'நான் பேசலை' என்று சொன்னதற்கு."

மறுபடி சிரிப்பு. நானும் சிரித்து வைத்தேன். அம்மாவின் புடவையை என் தோளில் பிடித்திருந்த ஊக்கு உறுத்தியது. முதல் வரிசையில் ஹில்டா மிஸ். அவரும் அம்மாவும் கோயிலில் ஒரே பாடகர் குழு. இங்கே இன்று வாசிக்கப்படுவது ஞாயிறு பூசைக்கு முன்பே அம்மா காதுக்குப் போய்விடும். அம்மாவைக்கூடச் சமாளிக்கலாம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரிந்துவிட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

"லிபின். முந்நூற்றுப் பன்னிரண்டு. பிரேயரில் மட்டும் பத்தொன்பது. கடவுளுக்கே நடுவில் பேச வாய்ப்பு கிடைக்கவில்லை."

லிபின் பெஞ்சின் மேல் ஏறி நின்று கும்பிட்டான். மிஸ் அவனை இறங்கச் சொல்லிக்கொண்டே சிரித்தார்.

அடுத்து லோகநாதன். அதற்கடுத்து அவன்.

"நிர்மல்."

இந்த முறை அவள் விரல் தாளில் இல்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள்.

"நாற்பத்தொன்று. குறைவாக இருக்கிறதே என்று கேட்காதீர்கள். மீதியை எழுத நோட்டில் இடமில்லை."

"நாப்பத்தொண்ணுதானா? அசிங்கமா கீது மாமே!" என்று நிர்மல் கத்தினான். பெஞ்சுகள் அதிர்ந்தன.

எனக்கு மூச்சு வந்தது. கூடவே சந்தேகமும் வந்தது. இல்லாத நாற்பத்தொன்றை எதற்காகச் சொன்னாள்?

"ரெனிதா. பூஜ்ஜியம். ஏனென்றால் பேனா அவள் கையில் இருந்தது."

எல்லோரையும்விட ஹில்டா மிஸ்தான் அதிகம் சிரித்தார்.

சமோசா கொடுக்கும் நேரத்தில் தேவிப்பிரியா நோட்டைக் கொண்டுவந்தாள். செய்தித்தாளில் சுற்றியிருந்தாள்.

"மிஸ்கிட்ட குடுத்துடாத. நீயே வச்சிக்கோ."

நான் வாங்கிய பிறகும் ஒரு கணம் அவள் கை அதன்மேல் இருந்தது.

இதற்குப் பதிலாக என்ன கேட்பாள் என்றுதான் மனம் ஓடியது. என்னை அவள் காப்பாற்றிவிட்டாள். அப்படியென்றால் இனிமேல் அவள் நினைத்தால் என்னைக் காட்டிக்கொடுக்கவும் முடியும்.

ஜன்னலோரம் போய் நோட்டைப் பிரித்தேன். நாற்பத்தொரு இடத்தில் நிர்மலின் பெயரை அவளே எழுதிச் சேர்த்திருப்பாளோ என்று ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். எதுவும் சேர்க்கப்படவில்லை. ஜூன், ஜூலை, ஆகஸ்ட். என்னுடைய சாய்ந்த கையெழுத்து. லிபின், ஹெலினா, லிபின், லிபின்.

நவம்பரில் கையெழுத்து மாறியது. உருண்டையான எழுத்து.

எனக்கு டெங்கு வந்து நான் வராத பத்து நாட்கள். லீடர் இல்லையென்றால் அசிஸ்டெண்ட் லீடர்தான் எழுத வேண்டும்.

லிபின். ஹெலினா. லோகநாதன். ஒரு செவ்வாய்க்கிழமை கங்காதரன்கூட இருந்தான்.

பத்து நாட்களையும் இரண்டு முறை படித்தேன். நிர்மல் இல்லை.

தலையைத் தூக்கினேன். கதவருகே தேவிப்பிரியா நின்றிருந்தாள். கையில் சமோசா கடிக்கப்படாமல் அப்படியே இருந்தது. நான் நவம்பருக்கு வந்துவிட்டேனா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.