பாடாத ஸ்டீரியோ

"வலிக்காது மாப்பிள்ளை. வாயை மட்டும் நல்லாத் திறந்து வைக்கச் சொல்லுங்க," என்றார் பல் டாக்டர், காருக்குள் குனிந்துகொண்டே.

காரோடு வந்த பழைய ஸ்டீரியோவைத்தான் அப்படிச் சொன்னார். அதன் இரண்டு ஓரத்து ஓட்டைகளிலும் வளைந்த கம்பிகளைச் செருகி, ஓர் ஆட்டு ஆட்டி இழுத்தார். தொழில் சுத்தம். கேசட் போடும் அந்தக் கறுப்புப் பெட்டி, வேரோடு வந்த கடைவாய்ப் பல் மாதிரி ஒயர்களைத் தொங்கவிட்டுக்கொண்டு அவர் கையில் இருந்தது.

மாப்பிள்ளை என்பது அவருடைய தங்கையின் கணவன். கார் அவனுடையது. கல்யாணத்துக்கு முன்பே பழையதாக வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை, மடக்குகிற கூரை, பளபளவென்று சிவப்பாக இருந்த காலமும் உண்டு. மூன்றாவது ஆள் ஏற வேண்டுமென்றால் ஏற்கெனவே இருப்பவர்களில் ஒருவர் இறங்க வேண்டும்.

தங்கை பக்கத்தில் நின்று டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் வேண்டிய இடத்தைத் தவிர எல்லா இடத்திலும் விழுந்தது.

பழையதற்குப் பதிலாக அண்ணன் மாட்ட வந்திருந்த புது ஸ்டீரியோவைக் கண்டாலே அவளுக்கு ஆகவில்லை.

கணவனுக்குத் தொலைபேசி கம்பெனியில் ஊரார் புகாரையெல்லாம் போனில் கேட்கிற வேலை. நாள் முழுக்கக் காதைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் 'ம்', 'சரி', 'பார்க்கலாம்' என்று மூன்று முத்துகள்தான் உதிரும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காரில் ஏறிக் கதவைச் சாத்தினால் ஆளே மாறிவிடுவான். அந்த வாரம் தன்னைத் திட்டியவர்கள் ஒவ்வொருவர் குரலிலும் பேசிக் காட்டுவான். எதற்குப் பயந்தான் என்பதைச் சொல்வான். அவளுடைய அப்பா போனபோது தனக்கு ஏன் அழுகை வரவில்லை என்பதைக்கூட ஒரு சிக்னலில் நிற்கும்போதுதான் சொன்னான்.

அவளுக்குக் கணவன் முழுதாகக் கிடைப்பது அந்த இரண்டு இருக்கைக்கு நடுவில்தான். அங்கே பாட்டு வந்து உட்கார்ந்துகொண்டால் அவள் எங்கே போவாள்?

பழைய ஸ்டீரியோவால் அந்தத் தொல்லை இல்லை. அது ஊமையாகிப் பல வருஷம் ஆகிறது.

ஊமையாக்கியதே அவள்தான்.

கல்யாணமான புதிதில் அவன் பாட்டை அலறவிட்டு, ஸ்டீயரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே ஓட்டுவான். இவள் என்ன சொன்னாலும் தலையை ஆட்டுவான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் புருவம் திருத்துகிற இடுக்கியோடு போய், ஸ்டீயரிங்குக்குக் கீழே வரிசையாக இருந்த ஃபியூஸ்களில் ஸ்டீரியோவுக்கானதை மட்டும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருந்தது. தையல் பெட்டியில் பொத்தானோடு பொத்தானாகக் கிடந்தது.

குழாய் சொட்டினால் தூங்காத மனிதன், இந்த ஸ்டீரியோவை மட்டும் ஒரு மெக்கானிக்கிடமும் காட்டவில்லை. தன் நல்ல காலம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இப்போது கல்யாண நாள் பரிசு என்று அண்ணன் நேற்றே புதிதாக ஒன்றை வாங்கிக் கொடுத்து, இன்று மாட்டவும் வந்து நிற்கிறார். தொட்டால் பாடுமாம், போனோடு சேர்ந்துகொள்ளுமாம். அதைக் கையில் வாங்கியபோது கணவனுக்கு வாயெல்லாம் பல். பாவம், ஆசைப்படுகிறான் என்று இவளுக்கு மனசு இளகிவிட்டது. ஃபியூஸ் இல்லாத குழியை அண்ணன் பார்த்துவிட்டால் குட்டு உடைந்துவிடுமே என்ற பயம் வேறு. இன்று காலை அவன் குளிக்கப் போன நேரத்தில் ஓடிப்போய் ஃபியூஸை இருந்த இடத்திலேயே செருகிவிட்டு வந்தாள். திரும்பி வரும்போது அழுகையாக வந்தது.

பல் டாக்டர் புது ஸ்டீரியோவை ஒயரோடு இணைத்துக் குழிக்குள் தள்ளினார். கணவன் சாவியைத் திருப்பினான்.

திரை இருட்டாகவே இருந்தது.

பல் டாக்டர் தட்டினார். ஊதினார். வெளியே எடுத்து மறுபடியும் பொருத்தினார். "கடையில நல்லாத்தானே பாடுச்சு," என்று முனகியபடி ஃபியூஸ் இருக்கும் பக்கம் கையை நீட்டினார்.

"அதெல்லாம் காலையிலேயே பார்த்துட்டேன் மச்சான், சரியா இருக்கு," என்றான் கணவன். "பழைய வண்டி. புதுப் பல்லு ஒத்துக்கல போல. மெதுவாப் பார்த்துக்கலாம்."

அதற்குள் கிளினிக்கிலிருந்து போன். யாரோ கன்னத்தைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறார்களாம். பல் டாக்டர் மனசே இல்லாமல் கிளம்பிப் போனார்.

இவளுக்கு ஒன்றும் புரியவில்லை. தன் கையால் செருகியதாயிற்றே. நன்றாக அழுத்தினோமே. ஆனாலும் அடக்கமாட்டாத சந்தோஷத்தோடு போய்க் காரில் உட்கார்ந்தாள்.

கூரையை மடக்கிவிட்டு அவன் வண்டியை எடுத்தான். முதல் திருப்பம் வருவதற்குள் ஆரம்பித்துவிட்டான். பக்கத்து வீட்டுக் கிளி தன் போன் மணி மாதிரியே கத்துகிறது, அதனால் கிளியின் லைனை உடனே கட் பண்ண வேண்டும் என்று ஓர் அம்மா புகார் கொடுத்தாராம். அந்த அம்மாவாகவும் பேசினான், கிளியாகவும் கத்தினான். இவளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

எதிர்வெயில் முகத்தில் அடித்தது.

"சட்டைப் பையில கூலிங் கிளாஸ் இருக்கு, எடேன்," என்றான், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பைக்குள் கைவிட்டாள். கண்ணாடியோடு இன்னொன்றும் விரலில் தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தாள். சுண்டுவிரல் நகம் அளவு. ஓரத்தில், அன்றைக்கு இடுக்கி கடித்த தடம்.

எத்தனை வருஷமாகத் தெரியும் என்று கேட்க வாய் வரை வந்தது.

கண்ணாடியை அவன் மூக்கில் மாட்டிவிட்டாள். ஃபியூஸை இருந்த இடத்திலேயே போட்டு, பையின் பொத்தானையும் மாட்டினாள்.

"ம், அப்புறம்?" என்றாள். "கிளி என்ன சொல்லுச்சாம்?"