கட்டைவிரல் நகம்

மேல்மூடி கழற்றிய என்ஜினின் சிலிண்டருக்குள் கையை விட்டு, ஆறுச்சாமி கட்டைவிரலால் உட்சுவரை மெதுவாக வருடினார். கீறல் ஆழமாக இருந்தால் நகம் மாட்டும். மாட்டினால் அந்த என்ஜின் மலைப்பாதை ராலி பந்தயத்துக்கு ஆகாது. மூலையில் பெட்டி பிரிக்காமல் இருக்கும் புதியதைத்தான் ஏற்ற வேண்டும்.

"வழவழன்னு இருக்குதுங்க அம்மணி. பிஸ்டன் ரிங்கை மட்டும் மாத்திக் கட்டிரலாம்."

பந்தயத்தில் கார் ஓட்டுபவள் மைதிலி. பக்கத்து இருக்கையில் அமர்ந்து வளைவுகளைப் படித்துச் சொல்லும் அவள் தம்பி கதிரவன்தான் பேசினான்.

"மலைமேல மறுக்கா இறுகிக்கிச்சுன்னா என்னங்கண்ணா பண்றது? போன தடவ நின்னப்ப பாதி வண்டி காத்துல இருந்துச்சு."

"இது நான் ஒவ்வொரு போல்ட்டா பாத்துக் கட்டுனது தம்பி. பொட்டியில வந்தத நம்புவீங்க, என்னைய நம்ப மாட்டீங்களா?"

கதிரவன் அக்காவைப் பார்த்தான். அவள் ஆறுச்சாமியின் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தச் சோதனைக்காகவே அவர் எப்போதும் நீளமாக வளர்த்து வைத்திருக்கும் நகம் அது. மற்ற நகங்கள் வளர்ந்தபடியே இருக்க, இன்று அது மட்டும் சதையோடு ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. அவள் பார்ப்பதைக் கண்டதும் அவர் விரலைத் துடைக்கும் துணிக்குள் சுருட்டிக்கொண்டார்.

மைதிலி கையுறையைக் கழற்றினாள்.

"லைட்டைக் கொஞ்சம் கிட்டப் புடிங்கண்ணா."

அவர் பிடித்தார். அவள் தன் கட்டைவிரல் நகத்தைச் சிலிண்டரின் உட்சுவரில் வைத்து மெதுவாக இழுத்தாள்.