படுத்திருக்கும் எட்டு

அந்தப் பொத்தானைக் காணவில்லை.

அவள் புடவைத் தலைப்பால் போன் திரையைத் துடைத்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

பழங்கள் இருந்தன. கூடை இருந்தது. மேல் மூலையில் சிவப்பு இதயமும் இருந்தது. அதன் நடுவில் தினமும் இருக்கும் எண் மட்டும் இல்லை. அந்த இடத்தில் ஓர் எட்டு படுத்துக் கிடந்தது.

"ஹாப்பி பர்த்டேம்மா," என்றாள் மகள் மதுவந்தி, அடுக்களை வாசலில் சாய்ந்தபடி. "ஒரு வருஷத்துக்கு உனக்கு லைஃப் தீரவே தீராது. வாங்கிப் போட்டுட்டேன். இனிமே யார்கிட்டயும் கெஞ்ச வேண்டாம்."

"எதுக்குடி இதுக்கெல்லாம் காசு?"

"ஒரு பிரியாணி காசும்மா. சும்மா ஆடு."

அந்த ஆட்டத்தில் பழங்களை மூன்று மூன்றாகச் சேர்க்க வேண்டும். தோற்றால் ஓர் உயிர் போகும். எல்லாம் போய்விட்டால் காத்திருக்க வேண்டும், அல்லது காசு கட்ட வேண்டும். இரண்டும் வேண்டாமென்றால் இதயத்துக்குக் கீழே ஒரு பொத்தான் வரும்.

நண்பர்களிடம் கேள்.

உயிர் தீராதவர்களுக்கு அது வராது.

பால் பொங்கிய ஒரு காலையில், கை தவறி அதை அழுத்தியிருந்தாள். போனில் எண் உள்ள எல்லோருக்கும் போய்விட்டது. கல்லூரித் தோழிகள், பல் டாக்டர், மாடி வீட்டுப் பெண். வெட்கமாக இருந்தது.

ஒரே ஓர் உயிர் வந்தது.

அனுப்பியவர் நெல்லையப்பன்.

தம்பி. மஸ்கட்டில் இருக்கிறான். அவன் இதை ஆடுகிறான் என்பதே அவளுக்குத் தெரியாது. அதற்கு முந்தைய ஒரு வருடமாக, அவனைப் பற்றி எதுவுமே தெரியாது.

அம்மா போன மூன்றாம் நாள்தான் அவனால் வர முடிந்தது. பெட்டியோடு வாசலில் நின்றான். கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். அவள்தான் சொன்னாள்.

"விருந்தாளி வந்திருக்காரு. காப்பி குடுங்க."

அவன் வாங்கிக் குடித்தான். டம்ளரைக் கழுவி, அதன் இடத்தில் கவிழ்த்து வைத்தான்.

அதோடு பேச்சு நின்றது.

பால் பொங்கிய அந்தக் காலைக்குப் பிறகு, உயிர் மட்டும் வந்துகொண்டிருந்தது. காலையில் கேட்பாள். சோறு கொதிப்பதற்குள் அனுப்பிவிடுவான். ஜெயித்துக்கொண்டே போகிற நாட்களில் வேண்டுமென்றே தோற்றாள்.

அவன் ஒருநாளும் கேட்டதில்லை. அவளுக்கு எட்டாத தூரத்தில் எங்கோ மேலே ஆடிக்கொண்டிருந்தான்.

சின்ன வயதில் கேட்டவன் அவன்தான்.

பாளையங்கோட்டையில் கேசட் கடைக்காரர் வீடியோ கேமை நாள் வாடகைக்குக் கொடுப்பார். பெரிய லீவில், சனிக்கிழமை சாயங்காலம், அப்பா அதை மஞ்சள் பையில் போட்டு சைக்கிளில் மாட்டி எடுத்து வருவார். டிவிக்குப் பின்னால் அப்பா ஒயரைச் செருக, அம்மா டார்ச் பிடிப்பாள். செருகியதும் ஒரு கணம் திரை முழுக்கப் புள்ளிகள் பறக்கும். பிறகு ஆட்டத்தின் பாட்டு வரும். அம்மாகூட அதை முனகிக்கொண்டே தோசை சுடுவாள்.

திரையில் இரண்டு துப்பாக்கிக்காரர்கள். நீலம் அவள். சிவப்பு அவன். அவள் பதுங்கிப் பதுங்கிப் போவாள். அவன் முன்னால் பாய்ந்து செத்துப்போவான்.

செத்தவன் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அமுக்கினால், மற்றவரின் லைஃபிலிருந்து ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளலாம். அந்த ஆட்டத்தில் அப்படி ஒரு வழி இருந்தது.

அவர்கள் வீட்டில் அது கிடையாது. பிடுங்கக் கூடாது. கேட்க வேண்டும். கேட்பதற்கும் ஒரு முறை இருந்தது.

இரண்டு வயது மூத்தவளை அவன் கோமு என்றுதான் கூப்பிடுவான். அப்பா தலையில் குட்டினாலும் கோமுதான்.

"அக்கான்னு சொல்லுலே. தாரேன்."

திரையில் குண்டுகள் பாயும். அவன் பல்லைக் கடிப்பான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருப்பாள்.

"அக்கா. ஒரு லைஃப்க்கா."

கிடைத்த மறு நிமிடம் கோமு.

"இத எடுத்துட முடியுமாடி?" என்று மகளிடம் கேட்டாள்.

"வாங்குனத திருப்பித் தர முடியாதும்மா. ஏன், பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கு."

அன்று தோற்றாள். எட்டு அசையவில்லை. திரும்பத் திரும்பத் தோற்றுப் பார்த்தாள். பழங்கள் சளைக்காமல் கொட்டிக்கொண்டே இருந்தன.

கேட்க ஒன்றும் இல்லாமல் அந்த வாரம் போனது. அவன் எண் போனில்தான் இருந்தது. கூப்பிட்டு என்ன சொல்வது? உயிர் வேண்டாம் என்றா?

ஞாயிறு காலை, உலை கொதித்துக்கொண்டிருந்தபோது போன் சிணுங்கியது. ஏதோ சலுகை என்று நினைத்தாள். அந்த விளையாட்டு அடிக்கடி எதையாவது விற்கப் பார்க்கும்.

நெல்லையப்பன் உங்களிடம் ஓர் உயிர் கேட்கிறார்.

இரண்டு முறை படித்தாள்.

ஆட்டத்தில் எந்தப் படியில் இருக்கிறான் என்று பார்த்தாள். போன வாரம் இருந்த அதே படி.

கீழே பச்சைப் பொத்தான். அனுப்பு.

கட்டைவிரல் அதன்மேல் போய் நின்றது.

அழுத்தவில்லை. அடுப்பைச் சிறிதாக்கினாள். ஆட்டத்தை மூடிவிட்டு அவன் எண்ணைத் தேடி எடுத்தாள்.

மணி போய்க்கொண்டே இருந்தது.

எடுத்தான். மூச்சு மட்டும் கேட்டது. அதற்குப் பின்னால் ஏசி ஓடும் சத்தம்.

அவள் அடுப்பை அணைத்தாள்.

பிறகு, "சொல்லுலே," என்றாள்.