காலர் பொத்தான்

தன் கல்லீரலில் பாதியைக் கணவருக்குக் கொடுத்த நாளிலிருந்து, அவருக்கு எப்போது சதை பிடிக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள் பூங்கோதை. தேவராசன் ஹோட்டல் வரவேற்பில் டை கட்டி நிற்பவர். பங்குனி உத்திரம் முடிந்த மறுநாள் காலர் இறுக்குகிறது என்று அவர் சொன்னபோது, "தேறிட்டீங்க" என்று சிரித்தபடி பொத்தானைப் பிரித்து ஓரமாகத் தைத்தாள். கேசரி கிண்டிப் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தாள். இரண்டாம் முறை பொத்தானை நகர்த்தியபோது, கால்சட்டை நழுவுகிறதென்று பெல்ட்டில் ஓர் ஓட்டையும் கூடுதலாகப் போட வேண்டியிருந்தது. அதை அவள் யோசிக்கவில்லை.

ஆடி பிறந்ததும் புற்றுநோய் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் தேவராசனின் கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"புது ஈரலை உடம்பு தள்ளிடக் கூடாதுன்னு எதிர்ப்புச் சக்தியை மாத்திரையால அடக்கி வெச்சிருக்கோம். அதுல ஒரு வைரஸ் தலைதூக்கி நெறிக்கட்டுல புற்றுநோயா ஆயிருக்கு. வீக்கம் எப்பலேருந்து?"

"ஒரு மாசமா இருக்கும் டாக்டர்" என்றார் தேவராசன்.

அவர் கழற்றிய சட்டை பூங்கோதையின் மடியில் கிடந்தது. பொத்தானுக்குப் பக்கத்தில் பழைய ஊசித் துளைகளை அவள் விரல் தடவியது. ஒன்று. அதற்கும் முந்தையது இன்னொன்று.

"பங்குனி உத்திரத்துக்கு மறுநாள்லேருந்து" என்றாள்.