ஒரே ஒரு பிரதி

“மறுபடியும் இதே நாவலா? இதோட ஒன்பதாவது தடவை, சார்!” திண்டிவனம் நூலகத்தில் தேதி முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அலுத்துக்கொண்டாள் நூலகர் பிரபாவதி.

ஆரோக்கியராஜ் அசடு வழிந்தார். “இன்னும் பதினஞ்சு நாள் மட்டுங்கம்மா.”

“இருக்கிறது ஒரே ஒரு பிரதி. இன்னொருத்தங்க கேட்டுக்கினே இருக்காங்க. இந்தத் தடவை தர முடியாதுங்க.”

“இதையா? யாரு?” என்றார், காதை நம்பாதவர் போல.

“அதோ, வந்துட்டாங்களே.”

மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டையை மார்க்கெட்டில் போட்டுவிட்டு, கூட்டேரிப்பட்டு பஸ் கிளம்புவதற்குள் ஓடிவந்திருந்தாள் வேணி.

“இங்கியே உக்காந்து பாதி படிச்சேங்க. மறுவாரம் வந்தா காணோம். யாரோ ஒரு மகராசன் நாலு மாசமா அவரே வச்சிக்கினு இருக்காராம். அந்தப் பொண்ணு புருசன் வூட்டுக்குத் திரும்பிப் போனாளா இல்லியான்னு தெரியாம மனசே ஆறல.”

ஆரோக்கியராஜ் புத்தகத்தை மேசையில் வைத்தார்.

முத்திரை குத்தப் புரட்டிய பிரபாவதி அப்போதுதான் பின்னட்டையைக் கவனித்தாள். புனைபெயருக்கு மேலே இருந்த கறுப்பு மீசைக்காரரையும் எதிரே நின்ற நரைமீசைக்காரரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“சார்... இது நீங்களா?”

“யாரும் எடுக்காத புத்தகத்தைக் கழிச்சிடுவாங்கன்னு சொன்னாங்க. அதான், நானே எடுத்துக்கினு இருந்தேம்மா.”

வேணிக்கு அது காதில் விழவில்லை. விட்ட பக்கத்தைக் கண்டுபிடித்து நின்றபடியே படிக்க ஆரம்பித்திருந்தாள். வெளியே கூட்டேரிப்பட்டு பஸ் அடித்த ஹாரனும் விழவில்லை.